எடுத்ததையே எடுக்கக் கூடாது

கையுறைப் பெட்டியின் அட்டையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. நீல மை, சாய்வில்லாத எழுத்து. "செல்வராஜ். வயிறு, சி.டி. ஸ்கேன், ஒரு தடவை. மே 21, செவ்வாய். மருந்து ஊசி போடவில்லை. இனி எந்த ஆஸ்பத்திரியில் எடுக்கச் சொன்னாலும் முதலில் இதைக் காட்டவும்." துபாய் அல் கூஸில் எங்கள் கம்பெனி கேம்ப்பின் பதினான்காம் நம்பர் அறையில், ஆடிக்கொண்டிருந்த இரும்புக் கட்டிலின் காலுக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்தார்கள். ஜூன் 9, ஞாயிறு அன்று அறைகளைப் பார்வையிடப் போன நான் அதை எடுத்து வந்து நாட்குறிப்பில் செருகினேன். கட்டில் மறுபடி ஆடத் தொடங்கியிருக்கும்.

எழுதியவர் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றில் சி.டி. அறையின் டெக்னீஷியன். கன்னியாகுமரிக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். "நான் நர்ஸ் இல்ல. வெள்ளச் சட்டை போட்ட பொம்பள எல்லாம் ஒங்களுக்கு சிஸ்டரா?" என்று முதல் வருடம் முழுக்கத் திருத்தினார். பிறகு விட்டுவிட்டார்.

எனக்குக் கம்பெனியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர் வேலை. இங்கிலீஷும் ஹிந்தியும் பேசுவேன் என்பதால், கேம்ப்பில் உடம்புக்கு முடியாதவர்களை வேனில் ஏற்றிக் கூட்டிப்போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. வெயில் காலம் தொடங்கினால் சிறுநீரகக் கல் தொடங்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்ட ஆட்களோடு அந்த சி.டி. அறையின் வாசலில் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் என் நாட்குறிப்பில் நிறைய இருக்கின்றன. அதனால்தான் அவரைப் பற்றி எழுத முடிகிறது.

அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். மேசையில் படுக்கும் முன் ஒரு தடவை, படுத்த பின் ஒரு தடவை.

"இதுக்கு முன்ன இந்த மாதிரி ஸ்கேன் எடுத்திருக்கியளா?"

எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள். எடுத்திருந்தாலும் இல்லைதான். பழைய நோய் வெளியே தெரிந்தால் கம்பெனிக்குப் போய்ச் சேரும், விசா புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சட்டைப் பையில் போன மாதத்து ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "மாஃபி, இல்ல சிஸ்டர், ஃபர்ஸ்ட் டைம்" என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன்.

"நான் ஒங்க கஃபீலுக்கா, ஒங்க மொதலாளிக்கா வேல பாக்கேன்? ஒங்க வயித்துக்குத்தான பாக்கேன். உள்ளதைச் சொல்லுங்க" என்பார் சிஸ்டர். அப்போதும் சொல்ல மாட்டார்கள்.

இதில் அவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு எக்ஸ்ரேயில போறத விட பல மடங்கு கதிர் இதுல போவுது சார். ஒரு தடவையில ஒண்ணும் ஆவாது, வேணும்னா எடுத்துத்தான் ஆவணும். ஆனா இங்க என்ன நடக்கு? ஒருத்தனுக்கு வலி. இந்த கிளினிக்ல எடுக்கான். தீரல. அடுத்த கிளினிக்குக்குப் போறான், அங்க உள்ளவன் பழைய படத்தைக் கேக்கல, இவனும் காட்டல, மறுபடி எடுக்கான். லீவுக்குப் போறதுக்கு முன்ன இன்சூரன்ஸ் இருக்கேன்னு இன்னொண்ணு. முப்பது வயசுக்காரன். அவன் கணக்க யாரு வைக்கா?" பிறகு தன் சட்டத்தைச் சொன்னார். "எடுக்கணும்னா பயப்படாம எடுக்கணும். எடுத்ததையே எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அந்தக் கணக்கை வைக்கத்தான் கையுறைப் பெட்டி அட்டைகள். ஒவ்வொருவருக்கும் ஒன்று எழுதி, "பத்தாக்காவுக்குப் பின்னால வைங்க, தொலைக்காதிய" என்று கொடுப்பார். பத்தாக்கா என்பது இங்கே எல்லோரும் கழுத்திலோ பர்ஸிலோ வைத்திருக்கும் அடையாள அட்டை. வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் பலர் முதல் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். நோய்க்குச் சாட்சியைக் கூடவே வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. இது அவருக்குத் தெரியும். ஒருநாள் வாசல் தொட்டியிலிருந்து தன் கையெழுத்தைத் தானே பொறுக்கி எடுத்ததைப் பார்த்தேன். மறுநாளும் எழுதிக் கொடுத்தார்.

படம் எடுக்கும்போது மூச்சை நிறுத்தச் சொல்லி இயந்திரத்தில் பதிவு செய்த குரல் ஒன்று வரும், இங்கிலீஷிலும் அரபியிலும். படுத்திருப்பவனுக்கு இரண்டும் புரியாது. நிறுத்த வேண்டிய நேரத்தில் மூச்சு விடுவான், படம் கலங்கும், திரும்ப எடுக்க வேண்டும். சிஸ்டர் அந்தக் குரலை அணைத்துவிட்டு மைக்கில் தானே சொன்னார். தமிழ், மலையாளம், ஹிந்தி, தெலுங்கு, பெங்காலி, நேபாளி. கேண்டீன்காரரிடமும் துப்புரவு ஆட்களிடமும் கேட்டு மனப்பாடம் செய்தவை. பஷ்தோவை ஒரு டாக்ஸி டிரைவரிடம் கற்றுக்கொண்டார். முதல் தடவை அதைச் சொன்னபோது மேசையில் கிடந்த பட்டாணியர் வாய்விட்டுச் சிரித்ததில் படம் முழுக்கக் கலங்கிப் போயிற்று. அன்று மாலை வரை சிஸ்டர் அதை நினைத்து நொந்துகொண்டார். "என் வாயால அந்த மனுசனுக்கு ஒரு தடவை கூடிப் போச்சு சார்" என்றார்.

எங்கள் ஆட்கள் அரைஞாண் கயிற்றைக் கழற்ற மாட்டார்கள். அதில் தாயத்து, வெள்ளி, சாவி, சமயத்தில் ஊக்கு. உலோகம் குறுக்கே வந்தால் படத்தில் கோடு விழும். மற்ற டெக்னீஷியன்கள் கத்தரியை எடுப்பார்கள். இவர் கயிற்றை மெல்ல மேலே நெஞ்சுக்கு ஏற்றிவிட்டு, "ஒங்க சாமிய மாடிக்கு அனுப்பியாச்சு, கீழ நான் பாத்துக்கிடுதேன்" என்பார். வலியிலும் சிரிப்பு வரும்.

டாக்டர்கள் சிலர், படம் துலங்க நரம்பில் ஏற்றும் மருந்து இல்லாமல் ஒன்று, அதை ஏற்றி ஒன்று என்று இரண்டு ஸ்கேனையும் எழுதிவிடுவார்கள். சிஸ்டர் உடனே போனை எடுத்து, படம் வாசிக்கும் எகிப்திய டாக்டரைக் கூப்பிடுவார். "யா தக்தூர், ஒண்ணு போதாதா?" என்ற பொருளில் அவருடைய அரபி கொஞ்ச நேரம் கெஞ்சும். "கலாஸ், ஒன்று போதும்" என்று எதிர்முனை சலித்துக்கொள்ளும். அந்தத் தளத்தின் நர்சுகள் அவரைக் கஞ்சம் என்று கேலி செய்தார்கள். "ஒங்க வீட்டுக் கரண்ட்டயா மிச்சம் பிடிக்கேன்?" என்று திருப்பிக் கேட்பார்.

இனி செல்வராஜ்.

அரியலூர் பக்கத்து ஆள், வயது முப்பத்திரண்டு, கம்பி கட்டும் வேலை. அவரிடம் இன்சூரன்ஸ் அட்டை இருந்தது, அறையில் வேறு சிலரிடம் இல்லை. வேறு கம்பெனியிலிருந்து மாறி வந்தவர்களுக்கு விசா வேலை முடியும் வரை அட்டை வராது. அந்தக் காகிதங்கள் என் மேசையில்தான் கிடந்தன, மேலதிகாரியின் கையெழுத்துக்காக. இடையில் வலி வந்தால் என்ன செய்வது? செல்வராஜ் அட்டையையும் பத்தாக்காவையும் எடுத்துக் கொடுப்பார். "எம் மூஞ்சியும் உன் மூஞ்சியும் ஒண்ணாத்தான்டா இருக்கு, தாடி மட்டும் வை" என்பார். முகக்கவசம் போட்டுக்கொண்டால் கவுண்டரில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

மே 21 அன்று அப்படித்தான் பாண்டியை நான் கூட்டிப் போனேன். பரமக்குடிக்காரர், கல் வலி. செல்வராஜின் பெயரை நானே கவுண்டரில் சொன்னேன். சிஸ்டர் வாசலுக்கு வந்து "செல்வராஜ்" என்று இரண்டு முறை கூப்பிட்டும் பாண்டி திரும்பவில்லை. நான் தோளைத் தட்டினேன்.

"பாவம், பேரக் கேட்டுத் திரும்பக்கூட தெம்பில்ல" என்றார் சிஸ்டர்.

கட்டில் காலுக்கு அடியில் கிடந்த அட்டை அன்று எழுதியது. பெயர் செல்வராஜுடையது, வயிறு பாண்டியுடையது.

அக்டோபர் 15, செவ்வாய். இந்தத் தடவை வலி செல்வராஜுக்கே வந்தது. மாலை 4.40க்குக் கேம்ப்பிலிருந்து புறப்பட்டோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், பின்னால் செல்வராஜும் துணைக்குப் பாண்டியும். 5.25க்குப் போய்ச் சேர்ந்தோம். டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு சி.டி. எழுதினார். 6.10க்கு சிஸ்டர் கூப்பிட்டார். கொஞ்சம் குனிந்தபடி செல்வராஜ் தானே நடந்து உள்ளே போனார். மொழிக்காக நானும் போனேன்.

சிஸ்டர் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் திறந்தார். அந்த மருத்துவமனைக்கு ஊரில் பல கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளின் பட்டியலும் திரையில் வரும், ஆனால் மற்ற கிளைகளில் எடுத்த படங்கள் வராது. கேட்டு வாங்க வேண்டும். பட்டியலில் பிப்ரவரி, மார்ச், மே, ஜூலை என்று நான்கு இருந்தன. நான்கும் வயிறு.

"நாலா?" என்றார். நாற்காலியைத் திருப்பி செல்வராஜைப் பார்த்தார். "மக்களே, இந்த வருசமே நாலு தடவை எடுத்திருக்கியளா?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"ஆமா சிஸ்டர்" என்றார்.

"நாலும் நீங்கதானா?"

"நான்தான்."

அந்த அறையில் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லி நான் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான்கில் ஒன்றுகூட அவருடையது இல்லை. அந்த மேசையில் அவர் அதுவரை படுத்ததே இல்லை. எது யாருடையது என்று தேதியோடு என் நாட்குறிப்பில் இருந்தது. நாட்குறிப்பு என் பையில் இருந்தது, பை மடியில் இருந்தது. சொன்னால் பாண்டிக்கும் செல்வராஜுக்கும் வேலை போகும், வழக்கு வரலாம், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். கூட்டி வந்த எனக்கும்தான். இதையெல்லாம் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சிஸ்டர் டூட்டி டாக்டரைப் போனில் பிடித்தார். நான்கு தடவை எடுத்திருக்கிறது, கல் உள்ளவர், சின்ன வயது, முதலில் அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா என்று கேட்டார். நல்ல யோசனை என்றார் டாக்டர். அல்ட்ராசவுண்டில் குடல் முழுக்க வாயு, தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. இரத்தத்தில் வெள்ளணு கொஞ்சம் கூடுதல், கல் வலியிலும் அப்படி இருக்கலாம் என்றார்கள். வலிக்கு ஊசி போட்டு, கல்லுக்கு மாத்திரை கொடுத்து, கூடினால் உடனே வரச் சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது சிஸ்டர் வாசல் வரை வந்தார்.

"பழைய படங்களக் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். வந்ததும் ஒத்துப் பாக்கேன். தண்ணி நல்லாக் குடிங்க மக்களே. அஞ்சாவது ஒண்ணு ஒங்களுக்கு வேண்டாம்."

செல்வராஜ் கும்பிட்டார்.

புதன்கிழமை அவர் அறையிலேயே படுத்திருந்தார். அன்றைய என் குறிப்பு ஒரே வரி. "அறை 14, செல்வராஜ், வலி குறைவு என்கிறார்."

வியாழன் காலை 7.50க்கு சிஸ்டர் போன் செய்தார்.

"அந்த ஆளு எங்க இருக்காரு?"

"ரூம்லதான் சிஸ்டர். காய்ச்சல்னு சொன்னாங்க. என்ன ஆச்சு?"

"பித்தப்பைய எடுத்தா எடுத்ததுதான் சார், மறுபடி மொளைக்காது. மார்ச்சுல இல்லாத பித்தப்பை மே மாசத்துல எப்படி வந்துச்சு? மூணு படம் வந்திருக்கு, மே மாசத்ததோட சேத்து நாலுலயும் நாலு வேற வேற முதுகெலும்பு. இவரு இதுல யாரு?"

"அது வந்து, சிஸ்டர்" என்று இழுத்தேன்.

"ஒண்ணுலயும் இல்லையா?" என்றார். "தூக்கிட்டு வாங்க. இப்பவே."

8.35க்கு ஸ்ட்ரெச்சரில் உள்ளே போனார். அன்று சிஸ்டர் தன் கேள்வியைக் கேட்கவில்லை, ஒரு தடவைகூட. மைக்கில் தமிழில் மூச்சை இழுக்கச் சொன்னார். செல்வராஜால் மூச்சை நிறுத்த முடியவில்லை. படம் கலங்கித்தான் வந்தது. "போதும், இது போதும்" என்று டாக்டரிடம் ஓடினார். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. 10.15க்கு அறுவை சிகிச்சை. அதன் பிறகு அவர் கண் திறந்து பேசவே இல்லை. அக்டோபர் 28, திங்கள் காலை இறந்தார். உடலைக் கார்கோவில் அனுப்பும் காகிதங்களை நான்தான் தயார் செய்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் போயின.

மருத்துவமனையில் விசாரணை நடந்தது. நான்கு ஸ்கேன் இருந்ததால் ஐந்தாவதைத் தவிர்த்தது முறையான முடிவுதான் என்று எழுதி முடித்தார்கள். சிஸ்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் கம்பெனிக் காகிதங்களிலும் ஒரு குறையும் இல்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டர் என்னை மருத்துவமனைக் கேண்டீனுக்கு வரச் சொன்னார். சுலைமானி டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"நான் உள்ளத எழுதிக் குடுக்கட்டா சார்? அந்த நாலும் வேற ஆளுகன்னு."

"ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க. மூணாவது ஆளு இப்ப எங்கன்னு தெரியாது. பாண்டிக்குப் போன வாரம்தான் விசா அடிச்சாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"எழுதலன்னா செத்தவரு பேர்ல அஞ்சு நிக்கும். உண்மையில எடுத்தவனுக்கு ஒண்ணுகூட நிக்காது. அவன் நாளைக்கு எங்கயாவது போய்ப் படுப்பான், பட்டியல் காலியா இருக்கும்."

"அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "எனக்கும் கண்ணு இருந்துச்சுல்லா. மே மாசம் வந்தவரு வேற, இவரு வேற. ஒரு நாளைக்கு எத்தன வயிறு பாக்கேன், ஒரு மொகம் பாக்கல."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் அவர் கேள்வியை மாற்றிப் பார்த்தார். "முன்ன எடுத்தது நீங்கதானா, வேற யாராவதா? நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்." அதைக் கேட்டதும் ஆட்கள் வெளிறிப் போனார்கள். ஒருவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேசையிலிருந்து இறங்கி, வலியோடு பஸ் ஸ்டாப் வரை ஓடியதாகக் கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாதே, அங்கே போலீஸ் மாதிரி ஒரு சிஸ்டர் இருக்கிறார் என்று சேதி பரவியது. அவர் பழைய கேள்விக்கே திரும்பினார். எல்லோரும் இல்லை என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டார். ஆனால் டாக்டர் இரண்டு எழுதினால் போனை எடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவதை நான் பார்த்தேன். முன்பு அந்தத் தயக்கம் கிடையாது.

என்னிடம் மட்டும் அவர் வேறு ஒன்று கேட்கத் தொடங்கினார். குடல்வால் வெடிக்கும்போது சிலருக்குக் கொஞ்ச நேரம் வலி சட்டென்று குறையும், பிறகுதான் மோசமாகும். அது அவருக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை இஞ்ச வர்றதுக்கு முன்னயே குறைஞ்சுதா? இல்ல, புதன்கிழமை குறைஞ்சுதா? நீங்க எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளுல்லா, பாத்துச் சொல்லுங்க."

"டாக்டருங்க என்ன சொல்றாங்க சிஸ்டர்?"

"எப்ப வெடிச்சுதுன்னு படத்துல மணி அடிச்சா வருது? முன்னயே வெடிச்சிருந்தா ஒரு கணக்கு. எம் முன்னால நின்னப்ப முழுசா இருந்திருந்தா வேற கணக்கு. ரெண்டுலயும் நான் உண்டு சார். எவ்வளவுன்னுதான் கேக்கேன்."

மறு வருடம் அவர் குவைத்துக்குப் போய்விட்டார். மங்காஃபில் அவருடைய அக்கா நர்ஸ். அங்கும் சி.டி. அறைதான் என்று கேள்விப்பட்டேன். அவ்வப்போது வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். நலம் விசாரிப்பார், மழை பெய்ததைச் சொல்வார், கடைசியில் "அந்த நேரம் தெரிஞ்சுதா?" என்பார்.

தெரிந்துகொள்ள முயன்றேன். பாண்டி சொல்வது இது: "வேன்லயே சொன்னாருண்ணே. 'இப்பப் பரவால்லடா, திரும்பிப் போயிரலாமா'ன்னு கேட்டாரு. நான்தான் வந்தது வந்தாச்சு, பாத்துட்டே போவோம்னேன். நீங்க முன்னால டிரைவரோட பார்க்கிங்குக்குச் சண்ட போட்டுக்கிட்டிருந்தீங்க." அதே அறையில் இருந்த ஐயப்பன் இப்போது ஜித்தாவில், ஷரஃபியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். போனில் அவர் அடித்துச் சொன்னார்: "இல்லண்ணே, பாண்டிக்கு நெனப்பு தப்பு. செவ்வா ராத்திரிகூட முனகிட்டுத்தான் கெடந்தாரு. புதன் காலையில டூட்டி பஸ் ஹார்ன் அடிக்கிற நேரம்தான், 'டேய், விட்டுப்போச்சுடா'ன்னு எந்திரிச்சு உக்காந்தாரு." இருவரும் செல்வராஜோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். இருவருக்கும் பொய் சொல்லக் காரணம் இல்லை. பாண்டிக்கு ஒருவேளை இருக்கலாம்; மே மாத ஸ்கேன் அவருடையது.

நாட்குறிப்பில் அந்த இரண்டு நாட்களையும் பலமுறை புரட்டிவிட்டேன். வேன் புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், சிஸ்டர் கூப்பிட்ட நேரம், திரும்பி வந்த நேரம் எல்லாம் இருக்கின்றன. புதன்கிழமை வரிக்கு நேரம் எழுதவில்லை. அந்த வரியை செல்வராஜ் என்னிடம் நேரில் சொன்னாரா, வேறு யாராவது சொல்லி எழுதினேனா என்பதும் நினைவில் இல்லை. வலி முதலில் குறைந்தது செவ்வாய் மாலை 5.25க்கு முன்பா, புதன் காலையா என்பது இதை எழுதும் இன்றுவரை எனக்கு உறுதியாகவில்லை.